கார்த்திகைக்கும் பூசத்துக்கும் வயது பார்த்த கதை

முதல் தடவை நட்சத்திரத் தரவை இணையத்திலிருந்து இறக்கியபோது வந்து விழுந்த வரிகள் சரியாக 2,000. இரும்புக் கடையில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் நான்; கூடாமல் குறையாமல் இப்படி ஒரு முழு எண் வந்து நின்றால் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். ஸ்டாக் எடுக்கப் போன பையன் "ஆணி சரியா ரெண்டாயிரம் கிலோ இருக்குண்ணே" என்று வந்து சொன்னால் அவன் குடோனுக்குள் போகவே இல்லை என்று அர்த்தம். கார்த்திகையைச் சுற்றிப் பத்து டிகிரி அகலத்துக்கு இருக்கிற நட்சத்திரங்களைக் கேட்டால், அது மட்டும் எப்படி 2,000-இல் வந்து நிற்கும்?

காரணம் சப்பையானது. கையா விண்வெளித் தொலைநோக்கியின் காப்பகத்தோடு பேசுவதற்குப் பைத்தான் என்கிற நிரல்மொழியில் ஆஸ்ட்ரோகுவெரி என்று ஒன்று இருக்கிறது. அதில் கேள்வி கேட்க இரண்டு வழி. கேட்ட உடனே பதில் வாங்கும் வழியில் போனால் 2,000 வரியோடு கதவைச் சாத்திவிடும். வேலையை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருந்து வாங்கினால்தான் முழுசும் வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி போயிற்று. அந்த இரண்டு ராத்திரியும் அரைகுறைத் தரவில் வரைந்த படத்தைப் பார்த்துப் பரவாயில்லையே என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் ஆரம்பித்தது அப்பத்தாவால். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் பாட்டையா காலத்து வீடு. பங்காளிகள் எல்லாரும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, நானும் அப்பத்தாவும் மட்டும் இரண்டு அறையைப் புழங்கிக்கொண்டு மிச்சத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம். கார்த்திகை தீபத்தன்று வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி விளக்கு வைத்துவிட்டு அப்பத்தா தூணில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பௌர்ணமி நிலா பக்கத்திலேயே இருந்ததால் கார்த்திகைக் கூட்டம் கரைந்துபோய் ஒரு மசங்கலாகத்தான் தெரிந்தது. "ஏன்டா, அந்த ஆறு பேருல மூத்தவ யாரு?" என்றது.

முருகனுக்குப் பால் கொடுத்த ஆறு பெண்களில் யார் மூத்தவள் என்று கதையில் இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. நட்சத்திரமாக எடுத்துக்கொண்டால் பதில் தேட முடியும் என்று மட்டும் தெரியும். ஒரு கொத்தில் இருக்கிற நட்சத்திரங்கள் ஒரே மேகத்திலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. அப்படியானால் கொத்துக்கு ஒரு வயது உண்டு. அந்த வயதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கத் தேவையான அளவீடுகளை ஐரோப்பிய விண்வெளி முகமை யாருக்கும் இலவசமாகத் தருகிறது. என்னிடம் இருந்தது நாலு ஜிபி ராம் உள்ள செகண்ட்ஹேண்ட் லேப்டாப், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் சரிபார்க்க எழுதப் பழகிய கொஞ்சம் பைத்தான், ஒரு பைனாகுலர். வீட்டுச் சுவர் இரண்டடி கனம், உள்ளே சிக்னல் நுழையாது. அதனால் இறக்குகிற வேலை எல்லாம் முகப்புத் திண்ணையில், கொசுவர்த்தியோடு.

கையா 2013 டிசம்பர் 19 அன்று கிளம்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, பத்து வருஷத்துக்கு மேல் வானத்தை அளந்தது. 2025 ஜனவரி 15 அன்று அளவெடுப்பை நிறுத்தி, மார்ச் 27-இல் அணைத்துவிட்டார்கள். நான் எடுத்தது 2022 ஜூன் 13-இல் வெளியான மூன்றாம் வெளியீடு. அதில் 180 கோடிக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. அழகான படம் எதுவும் அதில் கிடைக்காது. வெறும் பேரேடுதான்: எங்கே இருக்கிறது, எவ்வளவு பிரகாசம், நீலப் பக்கம் எவ்வளவு, சிவப்புப் பக்கம் எவ்வளவு, எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக நகர்கிறது, பாரலாக்ஸ் எவ்வளவு. ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு மறு கண்ணால் பார்த்தால் விரல் இடம் மாறுகிறதல்லவா, அந்த இடமாற்றம்தான் பாரலாக்ஸ். பூமி சூரியனைச் சுற்றுவதால் நமக்கு இரண்டு கண் கிடைக்கிறது. நல்ல பிரகாசமான நட்சத்திரத்துக்குக் கையா இதை அளக்கிற நுணுக்கம், ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஒரு தலைமுடியின் பருமனைக் கண்டுபிடிப்பதற்குச் சமம்.

முழுத் தரவும் வந்த பிறகு அடுத்த சறுக்கல். பாரலாக்ஸ் தெரிந்தால் தூரம் தெரியும், தூரம் தெரிந்தால் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரியும். அதாவது எல்லாரையும் ஒரே தூரத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் யார் எவ்வளவு வெளிச்சம் என்பது. பிரகாச எண்ணோடு (வானியலில் இந்த எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு) ஐந்தைக் கூட்டி, பாரலாக்ஸின் மடக்கையை (லாக்) ஐந்தால் பெருக்கி அதையும் கூட்டு என்று பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே போட்டேன். படத்தில் அத்தனை புள்ளியும் பாதாளத்துக்குப் போய்விட்டது. சூரியனைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டியது எல்லாம் பத்து லட்சம் மடங்கு மங்கலாக வந்தது. சூத்திரம் கேட்பது ஆர்க்செகண்டில், அதாவது ஒரு டிகிரியை 3,600 ஆக்கியதில் ஒரு பங்கு; கையா தருவது அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி ஆர்க்செகண்டில். கிலோ விலையை டன் கணக்கில் போட்ட அதே தப்பு. கடையில் இதே தப்புக்காக ஒரு பையனை நான் திட்டியிருக்கிறேன்.

சரிசெய்த கணக்கைக் கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கார்த்திகைக் கூட்டத்தின் பாரலாக்ஸ் சராசரியாக 7.37 மில்லி ஆர்க்செகண்ட். ஆயிரத்தை அதால் வகுத்தால் 135.7 பார்செக், அதாவது ஏறத்தாழ 442 ஒளியாண்டு. அங்கே இருக்கிற எதற்கும் பிரகாச எண்ணிலிருந்து 5.66 கழித்தால் உண்மைப் பிரகாசம் வந்துவிடும். நம் சூரியனை அங்கே கொண்டுபோய் வைத்தால் 10.3 என்ற எண்ணில், வெறும் கண்ணுக்குக் கொஞ்சமும் தெரியாமல் இருக்கும். இதைப் போட்டு முடித்தபோதுதான் ஆறு பெண்களும் எப்படிப்பட்ட ஆட்கள் என்று உறைத்தது.

அதற்கு முன்னால் கூட்டத்தில் யார் சொந்தம், யார் வழியில் நிற்கிறவர் என்று பிரிக்க வேண்டும். பார்க்கிற திசையில் முன்னாலும் பின்னாலும் சம்பந்தமில்லாத நட்சத்திரங்கள் நிறைய. இந்த இடம்தான் மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு நட்சத்திரமும் வருஷத்துக்குக் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு நகர்கிறது என்பதை ஒரு கட்டத்தில் புள்ளியாக வைத்தால், நடுவில் பூஜ்யத்தைச் சுற்றிப் பெரிய கும்பல். அதற்கு வெளியே, கீழே வலது பக்கம், கிழக்கே 20, தெற்கே 45 மில்லி ஆர்க்செகண்ட் என்ற இடத்தில், தாளிக்கும்போது சட்டியை விட்டுத் தெறித்த கடுகெல்லாம் ஒரே இடத்தில் விழுந்த மாதிரி ஒரு சின்னக் கறுப்புத் திட்டு. அதுதான் கார்த்திகை. ஒன்றாகப் பிறந்தது எல்லாம் ஒன்றாகவே போய்க்கொண்டிருக்கிறது. இந்த வேகத்தில் நிலாவின் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 37,000 வருஷம் ஆகும், ஆனாலும் கையாவுக்கு அது பளிச்சென்று தெரிகிறது. திட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பாரலாக்ஸும் ஒத்துப்போகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. இது 2,000 மாதிரி சந்தேகமான எண் இல்லை, நம்பலாம்.

அதில் ஒரு கூத்து. மிகப் பிரகாசமான நட்சத்திரங்களில் கையாவின் அளவீடு அவ்வளவு நம்பகமில்லை, கண் கூசிவிடும். என் வடிகட்டியில் அந்த ஆறு பேரிலேயே சிலர் அடிபட்டுப் போனார்கள். கார்த்திகையைத் தேடப் போய் கார்த்திகைப் பெண்களையே வெளியே தள்ளிவிட்டேன். கையால் எடுத்து உள்ளே வைக்க வேண்டியதாயிற்று.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்த அன்று ராத்திரிதான் ஒழுங்கான முதல் படம் வந்தது. (தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளைப் பார்த்து நோன்பு வைக்கிற ஊரில் இருந்துகொண்டு சதயம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டத் தெரியாது, அது வேறு விஷயம்.) படத்தில் மேலிருந்து கீழாகப் பிரகாசம், இடமிருந்து வலமாக நீலத்திலிருந்து சிவப்பு. ஹெர்ட்ஸ்ப்ரங், ரஸ்ஸல் என்ற இரண்டு பேர் 1910-ஐ ஒட்டிய வருஷங்களில் தனித்தனியாகப் போட்ட அதே படம். ஆயிரம் புள்ளியும் மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு ஒரே கோடாக, ஒரு தண்டு மாதிரி இறங்குகிறது. சிதறலே இல்லை. மேலே நீலமாக, கனமாக, வெளிச்சமாக இருப்பவர்கள். கீழே போகப்போகச் சின்னவர்கள், சிவப்பானவர்கள். ஹைட்ரஜனை எரித்து ஹீலியம் ஆக்குகிற காலம் முழுவதும் நட்சத்திரம் இந்தத் தண்டிலேயே அநேகமாகத் தன் இடத்தை விட்டு நகராமல் இருக்கும்.

தண்டுக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு இணையாக இன்னொரு மெல்லிய கோடு. ஏதோ சில வரிகளை இரண்டு தடவை கூட்டிவிட்டேன் என்று நினைத்து ஒரு மணி நேரம் தேடினேன். இரண்டு தடவை கூட்டியது உண்மைதான், ஆனால் கூட்டியது நான் இல்லை. இரண்டு சம நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, தொலைநோக்கிக்கு ஒரே புள்ளியாகத் தெரிந்தால் வெளிச்சம் இரட்டிப்பாகும், நிறம் மாறாது. இரண்டு மடங்கு என்பது பிரகாச எண்ணில் 0.75. கோடு சரியாக அவ்வளவு உயரத்தில்தான் இருந்தது.

பொங்கலுக்கு ஆச்சி (அக்கா) மகள் வந்தாள், பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம். நான் அப்போது தரவை இன்னும் சுத்தமாக்குகிறேன் என்று கையா தருகிற தரக் குறியீடு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அளவீடு ஒழுங்காகப் பொருந்தவில்லை என்றால் அந்த எண் 1.4-க்கு மேல் போகும், அதற்கு மேல் உள்ளதை வெட்டிவிடலாம் என்று படித்திருந்தேன். அவள் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மான், மேல இருந்த கோடு ஏன் இளைச்சுப்போச்சு?" என்றாள். இரட்டை நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுவதால் வானத்தில் நேராகப் போகாமல் தள்ளாடும். தள்ளாடினால் பொருத்தம் கெடும். பொருத்தம் கெட்டால் என் கத்தி வெட்டிவிடும். சுத்தம் செய்கிறேன் என்று குடும்பஸ்தர்களாகப் பார்த்து வெளியேற்றியிருக்கிறேன். அந்த வடிகட்டியை எடுத்துவிட்டேன்.

அவள் கண்டுபிடித்த இன்னொன்று இதைவிட முக்கியம். தண்டின் அடியில், மிகச் சின்ன, மிகச் சிவப்பான நட்சத்திரங்கள் இருக்கிற இடத்தில், கோடு நேராக இறங்காமல் இடது பக்கம் வளைந்து நீலத்தை நோக்கி ஓடியது. சின்ன நட்சத்திரம் போய் எப்படி நீலமாகும்? புதுசாக ஏதோ பிடித்துவிட்டோம் என்று இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்க மிதப்பில் இருந்தோம். பிறகு ஆவணத்தைப் படித்தால், இது கையாவின் தெரிந்த குறை. நீலப் பக்கத்தை அளக்கும் கருவியில் மங்கலான சிவப்பு நட்சத்திரங்களின் வெளிச்சம் இருப்பதைவிட அதிகமாகப் பதிவாகிறது, அதனால் நிறம் பொய்யாக நீலமாகத் தெரிகிறது. நீலத்தை விட்டுவிட்டு, மொத்த வெளிச்சத்துக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நிறமாக எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும். எடுத்தோம், வால் நேரானது. மிதப்பும் இறங்கியது.

இனி வயது. ஒரு கொத்தை மட்டும் வைத்துக்கொண்டு வயது என்றால் என்னவென்று கண்ணுக்குப் புலப்படாது, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு கொத்துகள் வேண்டும். ரோகிணியை முதலில் நினைத்தேன். சிவப்பாக ஜொலிக்கிற ரோகிணியைச் சுற்றி ஒரு கொத்து இருப்பது உண்மை, ஆனால் ரோகிணி அதில் சேர்த்தி இல்லை. அது 65 ஒளியாண்டில் இருக்கிறது, கொத்து ஏறத்தாழ 150 ஒளியாண்டில். நடுவழியில் நிற்கிறவளைத்தான் நாம் அந்த வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கொத்து நமக்கு ரொம்பப் பக்கம் என்பதால் வானத்தில் ஏகத்துக்கும் பரந்து கிடக்கிறது. என் லேப்டாப் தாங்காது என்று விட்டுவிட்டேன்.

கடக ராசியில் இரண்டு கிடைத்தன. ஒன்று பூசம் என்று பஞ்சாங்கம் சொல்கிற இடத்தில் இருக்கும் கொத்து, பைனாகுலரில் அரைப்பிடி பொரி இறைத்த மாதிரி தெரியும், 600 ஒளியாண்டு தூரம். இன்னொன்று அதற்குத் தெற்கே இருக்கிற எம் 67, சுமார் 2,800 ஒளியாண்டு. எம் 67 எங்கள் ஊருக்கென்றே அமைந்தது. மாசி மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு அது ஏறக்குறைய நேர் உச்சியில், இரண்டு டிகிரிகூட விலகாமல் போகும். வளவில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்தால் நாலு பக்கத் தாழ்வாரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சதுர வானத்தின் மத்தியில் நிற்கும். தெரு விளக்கு வெளிச்சம் உள்ளே வராது. பைனாகுலரில் ஒரு மூச்சுப் புகை மாதிரிதான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது.

பூசக் கொத்துக்குக் கார்த்திகைக்குச் செய்ததே செல்லுபடியாயிற்று. எம் 67 தகராறு செய்தது. தூரம் அதிகம், பாரலாக்ஸ் 1.15-ஐ ஒட்டித்தான், மங்கலான நட்சத்திரங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு பிழை. ஒவ்வொரு நட்சத்திரத்தின் பாரலாக்ஸையும் தனித்தனியாக நம்பினால் கோடு வாழைத்தண்டு கனத்துக்கு வீங்கிவிட்டது. எல்லாரும் ஒரே வீடுதானே, வீட்டுக்கு ஒரே விலாசம் போதும் என்று சராசரி எடுத்து அத்தனை பேருக்கும் ஒரே தூரத்தைப் போட்டவுடன் கோடு ஊசி மாதிரி மெலிந்தது. பின்னணியில் சில நட்சத்திரங்களுக்குப் பாரலாக்ஸ் மைனஸில் வேறு இருந்தது. தூரம் எப்படி மைனஸாகும், அது வெறும் அளவீட்டுப் பிழை, ஆனால் மடக்கை எடுக்கப் போனால் நிரல் முனகும்.

மூன்று படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டேன். கார்த்திகையில் தண்டு உச்சி வரை, நீல நட்சத்திரங்கள் வரை போகிறது. பூசத்தில் அந்த உச்சி இல்லை, நடுவிலேயே முறிந்து, நாலைந்து நட்சத்திரங்கள் வலது பக்கம் சிவப்புப் பூதங்களாக, அதாவது நடுவில் ஹைட்ரஜன் தீர்ந்து ஊதிச் சிவந்தவையாக, போய் நிற்கின்றன. எம் 67-இல் இன்னும் கீழே முறிகிறது, சூரியனைவிடக் கொஞ்சம் பெரியவர்கள் வரைக்கும் தண்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள், அங்கிருந்து சிவப்புப் பூதங்கள் இருக்கிற இடத்துக்கு ஒரு பாதையே போட்டாற்போல் புள்ளிகள்.

முறிகிற இடம்தான் வயது. சூரியனைப் போலப் பத்து மடங்கு கனமான நட்சத்திரத்துக்கு எரிபொருள் பத்து மடங்கு, செலவோ ஆயிரக்கணக்கான மடங்கு. எத்தனை நாள் தாங்கும்? எங்கள் பக்கம் இதற்கு உதாரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம், ஒரே தெருவில் எட்டு வீட்டைக் காட்டுவேன். சூரியன் தண்டில் 1,000 கோடி வருஷம் இருக்கும். அந்தப் பத்து மடங்குக்காரர் இரண்டு மூன்று கோடி வருஷத்தில் காலி. ஆகவே மேலிருந்து வரிசையாகத்தான் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள், எதுவரை கிளம்பியிருக்கிறார்கள் என்று பார்த்தால் எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும்.

எண்ணாகச் சொல்ல, இன்ன வயதுக் கூட்டம் படத்தில் இப்படி விழும் என்று இத்தாலியின் பாதுவாவில் கணித்து வைத்திருக்கிற சமவயதுக் கோடுகளை இறக்கி மேலே போட்டேன். அதிலும் ஒரு குழப்பம்: வயதை அவர்கள் மடக்கையில் தருகிறார்கள். கார்த்திகைக்கு 8.1 பொருந்தியது, பூசத்துக்கு 8.85, எம் 67-க்கு 9.6. ஒன்றுக்கொன்று முக்கால் வித்தியாசம்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டு விரித்துப் பார்த்தால் 12.6 கோடி, 71 கோடி, 398 கோடி வருஷம். வானியலாளர்கள் பெரிய பெரிய தொலைநோக்கிகளை வைத்துச் சொல்கிற வயதுகளும் இந்தப் பக்கம்தான்: கார்த்திகைக்குப் பத்துக் கோடிக்குக் கொஞ்சம் மேல், பூசத்துக்கு 60 முதல் 80 கோடி, எம் 67-க்கு 400 கோடி வாக்கில். கண்ணளவில் பொருத்தியது, என் எண்ணில் பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே இருக்கும்.

அப்பத்தாவிடம் சொன்னேன், ஆறு பேரும் ஒரே வயது, கூட இன்னும் ஆயிரம் பேர், எல்லாரும் ஒரே பேறு என்று. "ஆயிரம் பேரா? அப்ப பெத்தவளுக்கு ஒண்ணும் மிஞ்சியிருக்காதே" என்றது. நான் அசந்துபோனேன், ஏனென்றால் அது சரி. கார்த்திகையைப் படம் எடுத்தால் சுற்றி நீலப் புகை தெரியுமே, அது அவர்கள் பிறந்த மேகத்தின் மிச்சம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. பிறந்த மேகம் எப்போதோ கலைந்துபோயிற்று. இப்போது தெரிவது வேறெங்கிருந்தோ வந்து குறுக்கே போகிற தூசி, கொத்து அதற்குள் புகுந்து போய்க்கொண்டிருக்கிறது.

இந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க மனசில் நின்றது வேறொன்று. கண்ணுக்குத் தெரிகிற அந்த ஆறு பேரும்தான் கூட்டத்திலேயே சீக்கிரம் முடியப்போகிறவர்கள். தண்டின் உச்சியில் முறிவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அடியில் இருக்கிற சிவப்புக் குட்டிகள், கையா இல்லாவிட்டால் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காதவை, இன்னும் பிறந்தே முடிக்கவில்லை: கார்த்திகையின் வாலும் பூசத்தின் வாலும் ஒன்றின் மேல் ஒன்று படியவில்லை, கார்த்திகையின் வால் கொஞ்சம் மேலே நிற்கிறது. சின்ன நட்சத்திரம் சுருங்கித் தன் இடத்துக்கு வந்து சேர வெகு காலம் பிடிக்கும். 12 கோடி வருஷம் ஆகியும் அவை இன்னும் சுருங்கி முடிக்கவில்லை, அதனால் இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக, வெளிச்சமாக இருக்கின்றன. பெரியவர்கள் சம்பாதித்துச் செலவழித்துக் கிளம்பும் நேரத்தில் சின்னவர்கள் தவழ்கிறார்கள், பிறந்தநாள் ஒன்றுதான். ஆச்சி மகள் இந்த இடத்தில் அரை மணி நேரம் பேசவே இல்லை.

பூசத்தின் படத்தில் கீழே இடது மூலையில் தனியாக ஒரு சிறு கும்பல் இருக்கிறது, வெண்குறு விண்மீன்கள். முன்னால் கிளம்பிப்போன பெரியவர்கள் விட்டுச்சென்ற சாம்பல் உருண்டை. 1930-இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இயற்பியலாளர் சந்திரசேகர் கணக்குப் போட்டது இவற்றைப் பற்றித்தான். இப்படிப்பட்ட உருண்டை சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் கனமாக இருக்க முடியாது என்று காட்டியது உட்பட நட்சத்திரங்களைப் பற்றிய அவருடைய வேலைக்கு 1983-இல் நோபல் வந்தது. அந்தப் புள்ளிகள் என் திரையில் இருந்தன என்பதே எனக்குப் போதும், அதற்கு மேல் அவற்றை வைத்து நான் எதுவும் செய்யவில்லை.

எம் 67-இல் ஒரு கணக்கு இடித்தது. முறிவுக்கு மேலே, காலியாக இருக்க வேண்டிய நீலப் பக்கத்தில் சில புள்ளிகள். வெளியாட்கள் நுழைந்துவிட்டார்கள் என்று வடிகட்டியை இறுக்கினேன், போகவில்லை. நகர்வு ஒத்துப்போகிறது, பாரலாக்ஸ் ஒத்துப்போகிறது, வீட்டு ஆட்கள்தான். 400 கோடி வயதுக் கூட்டத்தில் இளவட்டமாக இவர்கள் மட்டும் எப்படி? பெயரே இருக்கிறது, நீலப் பின்தங்கிகள். பக்கத்தில் இருந்த துணையிடமிருந்து பொருளை உறிஞ்சியோ, இரண்டு பேர் ஒன்றாகக் கலந்தோ கனம் கூடி மறுபடி இளமையானவை. இதில் நம் ஊர்த் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு: 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன அஸ்ட்ரோசாட்டின் புறஊதாக் கருவி எம் 67-ஐப் பார்த்து, அப்படிப்பட்ட ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் மறைந்திருந்த வெண்குறு விண்மீனைக் காட்டிக்கொடுத்தது. சொத்தைக் கொடுத்துவிட்டுச் சாம்பலாகிப் போன துணை அதுதான். சாதாரண வெளிச்சத்தில் அது தெரியாது, புறஊதாவில்தான் தெரியும்.

ஒரு நாள் வேண்டுமென்றே தப்பான தூரம் போட்டுப் பார்த்தேன். கையாவுக்கு முன்னால் ஹிப்பார்க்கோஸ் என்ற விண்கலம் இருந்தது. அதன் 1997 பட்டியலை வைத்துக் கணக்கிட்டால் கார்த்திகை 118 பார்செக் வாக்கில் வந்தது. மற்ற வழிகளில் அளந்தவர்கள் 130-க்கு மேல் என்றார்கள். பல வருஷம் இது பெரிய தகராறு. 118 போட்டால் என்ன ஆகிறது என்றால், மொத்தத் தண்டும் 0.3 இறங்கி, நடுப் பகுதியில் பூசத்தின் தண்டுக்குக் கீழே போய்விடுகிறது. அப்படியானால் கார்த்திகை நட்சத்திரங்கள் ஏதோ விசித்திரமானவை என்றாக வேண்டும், இல்லையென்றால் தூரம் தப்பு. கையாவின் தூரத்தில் இரண்டும் அழகாகச் சேர்கின்றன. ஒரு கட்டத்தில் ஒரு எண்ணை மாற்றியதும் இத்தனை வருஷச் சண்டை எதைப் பற்றி என்று கண்ணால் பார்க்க முடிந்தது.

நட்சத்திரம் பிறக்கிற இடத்தையே பார்த்துவிடலாம் என்று ஓரியன் நெபுலாவுக்குப் போனதில்தான் மாட்டிக்கொண்டேன். 1,300 ஒளியாண்டு, வயது பத்து இருபது லட்சம் வருஷம்தான், பச்சைக் குழந்தைகள். அதன் நகர்வு ஏறத்தாழ பூஜ்யம், அதனால் நடுவில் இருக்கிற பெருங்கும்பலிலிருந்து பிரிக்க முடியவில்லை. கடுகு சட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது. பாரலாக்ஸை மட்டும் வைத்துப் பிரித்தாலும் படத்தில் கோடு வரவில்லை, தண்டுக்கு மேலே எங்கும் இறைந்து கிடக்கிறது. யாரும் இன்னும் தண்டுக்கே வந்து சேரவில்லை என்பது ஒரு காரணம், தூசி ஒவ்வொருவரையும் ஒவ்வொரு அளவுக்குச் சிவக்க வைக்கிறது என்பது இன்னொன்று. கையா கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் பார்க்கிறது, மேகத்துக்குள் ஆழமாக இருப்பவர்கள் அதற்குத் தெரியவே மாட்டார்கள். அதற்கு அகச்சிவப்பில் பார்க்கிற ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வேண்டும், 6.5 மீட்டர் கண்ணாடி. அதன் தரவும் இலவசம்தான். ஒரே ஒரு கோப்பை இறக்கித் திறந்தேன், லேப்டாப் அப்படியே உறைந்துபோய் பவர் பட்டனை அமுக்கித்தான் அணைக்க வேண்டியிருந்தது.

காரைக்குடியில் ஒரு கடையில் எட்டு ஜிபி ராம் விலை கேட்டு வைத்திருக்கிறேன். மார்ச் கணக்கு முடியட்டும்.